காரைக்காலிலிருந்து சுங்கை சிப்புட்: ஐந்து நாள் குறிப்புகள்

14 செப்டம்பர் 2023, வியாழன்

மலேசியாவின் பினாங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு இன்று காலை படகில் பட்டர்வொர்த் வந்து ரயில் ஏறினேன். சுங்கை சிப்புட்டில் இறங்க வேண்டும். குளிரூட்டிய பெட்டி, இரண்டு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை. தைப்பிங் வந்தது நினைவிருக்கிறது. அப்புறம் பக்கத்து இருக்கை மலாய் அம்மா தோளைத் தொட்டு எழுப்பியபோது வண்டி சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஈப்போவில் நின்றுகொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. என் பையை அவரே தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு வாடகைக் காரைப் பிடித்து, விலையும் பேசி, கார் கிளம்பும்வரை நின்றார். 45 வெள்ளி. நம் கணக்கில் 800 ரூபாய். ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள், கேட்கவே நன்றாக இருக்கிறது.

கண் அசருவதற்கு முன் ஒன்றைத் தேடிக்கொண்டே வந்தேன். நிபோங் தெபாலுக்கும் பாரிட் புந்தாருக்கும் நடுவில் எங்கோ ஓர் எல்லை போகிறது. இன்றைக்கு அது இரண்டு மாநிலங்களின் எல்லை. நூறு வருடம் முன்பு அந்தப் பக்கம் பினாங்கைச் சேர்ந்த பகுதி, பிரிட்டிஷ் முடியின் நேரடிக் காலனி. இந்தப் பக்கம் பேராக், பிரிட்டிஷ் ‘பாதுகாப்பில்’ இருந்த சுல்தான் நாடு. ஜன்னலில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே செம்பனை, ஒரே மழைமேகம். காரைக்காலில் வாஞ்சூர் சாவடியைத் தாண்டி நாகூர் போகும்போதும் இப்படித்தான், ஒரே வயல், ஒரே காற்று. ஆனால் 1954 வரை ஒரு பக்கம் பிரான்சு, மறுபக்கம் இந்தியா. அந்த ஊரில் பிறந்து வளர்ந்ததால்தானோ என்னவோ, எங்கே போனாலும் கோட்டைத் தேடுகிறேன்.

அண்ணன் வீட்டுக்கு (பெரியம்மா மகன்) வந்து சேர்ந்தபோது மணி நான்கு. மழை கொட்டியது. அண்ணி சுடச்சுட மைலோ கொடுத்தார்.

15 செப்டம்பர், வெள்ளி

“பசியாறியாச்சா?”

காலையில் நான் வாசலுக்கு வந்ததிலிருந்து நான்கு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். காலை உணவை இங்கே பசியாறுதல் என்கிறார்கள். நம் பக்கம் இந்தச் சொல் இவ்வளவு புழக்கத்தில் இல்லை. ‘டிபன் ஆச்சா’ என்று கேட்டே பழகிய எனக்கு, முன்பின் தெரியாதவர் பசியாறியாச்சா என்று கேட்டதும் தொண்டை அடைத்தது.

பசாருக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் இரண்டும் தே தாரிக்கும். ஐந்து வெள்ளிக்குள் முடிந்தது. பருப்புக் குழம்பை ரொட்டி மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். எதிர்மேசையில் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவர் கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். காரைக்கால் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்கப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறுனவருமா” என்றார்.

சுங்கை சிப்புட் பெரிய ஊர் இல்லை. ஒரு நீளமான கடைத்தெரு, பசார், கோயில்கள், மலேசியத் தமிழர் தலைவரும் அமைச்சருமாக இருந்த துன் சம்பந்தன் நிறுவிய மகாத்மா காந்தி கலாசாலை, சுற்றிலும் தோட்டங்கள். ஆனால் மலேசிய வரலாற்றுப் புத்தகம் எதுவும் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்கார நிர்வாகியும், பக்கத்து ஃபின் சூன் தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து தொடங்கியதுதான் காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான பன்னிரண்டு வருட அவசரகாலம். சம்பந்தன் 1919-ல் இதே ஊரில் பிறந்ததும் அதே ஜூன் 16-ஆம் தேதிதான். மண்டோர் ஐயா இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அவர் லயம் என்றார்.

“முள்வேலி போட்டுட்டாங்கமா லயத்தைச் சுத்தி. வேலைக்குப் போறப்ப சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டுல இருக்கிறவங்களுக்குப் போயிடுமாம். வெறும் வயித்தோட ரப்பர் மரம் சீவுனாங்க எங்கம்மா.”

தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டதைப் பற்றிக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அதைப் பொது இடத்தில் பேச இன்னும் தயக்கம் போல. நானும் விட்டுவிட்டேன்.

பிற்பகல் அண்ணனின் மோட்டாரில் ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போனோம். பெரியப்பா பிறந்த லயம் அங்கேதான் இருந்தது. வாசலிலேயே நேபாளக் காவலாளி நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். மிகவும் மரியாதையானவர், நிர்வாகியின் அனுமதி இல்லாமல் விட முடியாது என்று கையைக் கூப்பினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தடுப்புக்கட்டைக்கு அந்தப் பக்கம் பால்மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. லயத்தை இடித்து வெகுநாளாகிவிட்டதாம். திரும்பும்போது சேற்றில் என் செருப்பு வார் அறுந்தது. ஒரு செருப்போடு வீடு வந்தேன்.

மாலையில் அடுத்த வீட்டுப் பாட்டியிடம் அழைத்துப் போனார் அண்ணி. இந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒரு மணி நேரம் மறக்காது.

பாட்டிக்கு 82 வயது. 1941-ல் இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா எங்கள் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக்காரர். பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர் பால் வெட்டியிருக்கிறார். கை விரல்கள் இன்னும் கத்தியைப் பிடித்த மாதிரியே வளைந்திருக்கின்றன.

நான் யார் என்று தெரிந்ததும் முதல் கேள்வி: “மாங்கனி இன்னும் இறைக்கிறாங்களா தாயி?” காரைக்கால் அம்மையார் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுவதை அவர் பார்த்ததே இல்லை. அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டது. இறைக்கிறார்கள் பாட்டி, ஆனியில் இறைத்தார்கள் என்றேன். ஒருமுறை வாருங்கள் என்றேன், யோசிக்காமல்.

பாட்டி எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே அடையாள அட்டை. சிவப்பு. இந்த நாட்டுக் குடிமக்களுக்கு நீல அட்டை. சிவப்பு என்றால் நிரந்தரவாசி. இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஓட்டு இல்லை, மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இல்லை. பாட்டிக்கு வேறு எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லை. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நீலம்.

எப்படி இப்படி என்று பாட்டி சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 1941-ல் பினாங்கில் பிறந்த குழந்தை பிறந்த மண்ணை வைத்தே பிரிட்டிஷ் பிரஜை. பேராக்கில் பிறந்த குழந்தைக்கு அது இல்லை, ஏனென்றால் சட்டப்படி இது பிரிட்டிஷ் மண் அல்ல, சுல்தானுடைய நாடு. அப்பாவோ பிரெஞ்சுப் பகுதிக்காரர். 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் வந்தபோது இங்கே பிறந்தவர்களுக்குத் தாராளமாகக் குடியுரிமை தர நினைத்தார்கள். மலாய் மக்கள் கடுமையாக எதிர்த்ததில் அது இரண்டு வருடத்தில் போனது. 1948 பிப்ரவரியில் வந்த கூட்டமைப்பில் குடியுரிமை விதிகள் இறுகின. மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்டு 31 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்றார்கள். முன்னால் பிறந்து குடியுரிமை பெறாமல் விட்டுப்போனவர்கள் மனுப் போட வேண்டும். பாட்டிக்கு அப்போது வயது 16. பிறப்புச் சான்று, முள்வேலிக் காலத்தில் லயம் மாற்றியபோது தொலைந்துபோனது. தோட்டத்துக்கு உள்ளேயே பள்ளி, கடை, ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), கள்ளுக்கடை. வெளியே ஒரு நாடு பிறப்பதும் அதற்கு ஒரு படிவம் இருப்பதும் யார் வந்து சொல்வார்கள்?

பிறகு மூன்று முறை மனுப் போட்டிருக்கிறார். ஒருமுறை மலாய்மொழித் தேர்வில், வாயால் பதில் சொன்னவரை எழுதிக் காட்டச் சொன்னார்களாம். இரண்டு முறை பதிலே வரவில்லை.

“நான் எங்கிருந்தும் வரலையே தாயி. இங்கயேதான் இருந்தேன். கொடிதான் மாறி மாறி வந்துச்சு.”

எண்ணிப் பார்த்தேன். பிரிட்டிஷ் பாதுகாப்பு, ஜப்பான், மலாயன் யூனியன், மலாயாக் கூட்டமைப்பு, மெர்டேக்கா (சுதந்திரம்), மலேசியா. ஆறு.

16 செப்டம்பர், சனி. மலேசிய தினம்

இன்று விடுமுறை. வீட்டில் நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி சம்பல், வேர்க்கடலை, வெள்ளரி. அண்ணி செய்த சம்பலில் இனிப்பு தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்தது.

அண்ணன் மகன் சரவாக்கில், மீரியில் வேலை செய்கிறான். விடுப்பில் வந்திருந்தான். சரவாக்கில் வேலை செய்ய அவனுக்குத் தனி அனுமதி வேண்டுமாம். சொந்த நாட்டுக்குள்! சரவாக்குக்கும் சபாவுக்கும் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. 1963 செப்டம்பர் 16 அன்று மலாயாவும் சிங்கப்பூரும் சபாவும் சரவாக்கும் சேர்ந்து மலேசியா ஆனபோது போட்ட நிபந்தனைகளில் அது ஒன்று. சரவாக் அதற்கு முன் நூறு வருடத்துக்கும் மேலாக புரூக் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் சொந்த ராஜ்யம், 1946-ல்தான் காலனி ஆனது. சபா ஒரு வணிகக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. புரூணை சுல்தான் சேர மறுத்துவிட்டார், 1984-ல் தனியாகச் சுதந்திரம் பெற்றார். சிங்கப்பூர் 1965 ஆகஸ்டு 9-ல் பிரிந்தது.

“1976-ல எங்களையும் பதிமூணு மாநிலத்துல ஒண்ணா எழுதிட்டாங்கன்னு சரவாக்காரங்களுக்கு இன்னும் கோபம் அத்தை” என்றான். அதைத் திருத்த நாடாளுமன்றம் 2021 டிசம்பரில் அரசியல் சட்டத்தை மாற்றியது. ‘எங்களை’ என்று அவன் சொன்னதைக் கவனித்தேன். சுங்கை சிப்புட் பிள்ளை, ஐந்து வருடத்தில் சரவாக்காரனாகிவிட்டான்.

அண்ணி கேட்டார்: “உங்க காரைக்கால் எப்படிம்மா? தமிழ்நாடுதானே?”

இதை வெளியூரில் விளக்கி விளக்கி எனக்குப் பழக்கம். 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் பிரெஞ்சுப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர, 8 பேர் எதிராக. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது, ஆனால் சட்டப்படி நாங்கள் இந்தியாவானது 1962 ஆகஸ்டு 16-ல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். எழுதித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடிமக்கள்.

“இப்ப மாநிலமா?”

இல்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ஒரு பகுதி. சட்டமன்றம் உண்டு, முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், அதில் காரைக்காலுக்கு ஐந்து. அதோடு மத்திய அரசு நியமிக்கும் மூன்று பேர். 2017-ல் அந்த மூவரை எங்கள் அரசைக் கேட்காமலே நியமித்தார்கள். அது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலத் தகுதி கேட்டு எங்கள் சட்டமன்றம் எத்தனையோ தீர்மானம் போட்டிருக்கிறது. நான் வாக்களித்த சட்டமன்றம் ஒரு சொல் கேட்டு, அது வருடக்கணக்காகக் காற்றில் நிற்பது எனக்கு வலிக்கிறது. காலனியோடு இதை ஒப்பிட மாட்டேன். டெல்லி நாடாளுமன்றத்துக்கும் நாங்கள் வாக்களிக்கிறோம், அது பெரிய வித்தியாசம். ஆனால் ‘முழுதாக உன் கையில் தர மாட்டேன்’ என்ற குரல் எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரிகிறது.

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேச்சு வளர்ந்தது. முழுச் சுதந்திரம் இல்லாத இடம் உலகத்தில் இன்னும் இருக்கிறதா என்று அண்ணன் கேட்டார். ஐ.நா. பட்டியலில் 17 இருக்கின்றன. மேற்கு சகாரா, ஜிப்ரால்டர், பெர்முடா, குவாம், பிரெஞ்சுப் பொலினீசியா, நியூ கலிடோனியா... 1960 டிசம்பரில் ஐ.நா. இரண்டு தீர்மானங்கள் போட்டது. காலனிகளுக்குச் சுதந்திரம் தர வேண்டும் என்பது ஒன்று. அதற்கு வழி மூன்று என்பது அடுத்தது: தனிநாடாகலாம், தன்னைத் தானே ஆண்டுகொண்டு, தன் விருப்பத்தோடு வேறொரு நாட்டோடு சேர்ந்து இருக்கலாம், அல்லது சம உரிமையோடு கலந்துவிடலாம். குக் தீவுகள் 1965-ல் இரண்டாவது வழியில் நியூசிலாந்தோடு போனது. டோக்கலாவ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டம் 2006-லும் 2007-லும் அதே வழிக்கு வாக்கெடுப்பு நடத்தியது. பெரும்பான்மை சரி என்றும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. இன்னும் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாவது வழிக்கு உதாரணம் ரீயூனியன் தீவு. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன தீவு. 1946-ல் அதைப் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே போனவரின் வாரிசு இன்று பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார். அதே ஊரிலிருந்து இந்தப் பக்கம் கப்பலேறியவரின் மகள், முழுச் சுதந்திரம் பெற்ற நாட்டில், 82 வயதில், வாக்கில்லாமல் அடுத்த வீட்டில் படுத்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்சம் கோபப்பட்டார். “அப்ப வெள்ளைக்காரனே இருந்திருக்கலாங்கிறியா?”

இல்லை, ஒருக்காலும் இல்லை. நான் சொல்வது வேறு. நியூ கலிடோனியாவில் 2018, 2020, 2021 என்று மூன்று வாக்கெடுப்பு நடந்தது, மூன்றிலும் சுதந்திரம் வேண்டாம் என்றே முடிவு. முதல் இரண்டிலும் வித்தியாசம் குறைவு. மூன்றாவதை மண்ணின் மக்களான கனாக்குகளில் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். அங்கே பெரிய சண்டை, யார் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாம் என்பதில்தான். பின்னால் வந்து குடியேறியவர்களையெல்லாம் சேர்த்தால் தங்கள் மண்ணில் தாங்களே சிறுபான்மை ஆவோம் என்று கனாக்குகள் அஞ்சுகிறார்கள். 1946-ல் மலாய் மக்களுக்கும் அந்தப் பயம்தான். அது பொய்ப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைக் கொண்டுவந்து இறக்கியது ஆட்சியாளனும் கம்பெனியும், யாரையும் கேட்டு இறக்கவில்லை. ஆனால் கணக்குத் தீர்க்கும் நாளில், இறக்கியவன் கப்பலேறிப் போய்விடுகிறான். பால் வெட்டியவள்தான் பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள்.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “1960-ல சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப எங்கப்பா மாசம் பத்து வெள்ளி கட்டுனாரு. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்தாங்க, நாமளே வாங்கிடலாம்னு. நமக்குன்னு ஒரு மண்ணு வேணும்னு அவருக்கும் தோணியிருக்கு” என்றார். மின்சாரம் வந்தது.

17 செப்டம்பர், ஞாயிறு

கோலகங்சார். சுல்தானின் அரச நகரம், அரை மணி நேரப் பயணம். ஆற்றங்கரையில் லக்சா சாப்பிட்டோம், கிண்ணம் நான்கு வெள்ளி, மீன் குழம்பில் தடித்த நூடுல்ஸ். உச்சி வெயில், காற்றே இல்லை.

1877-ல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இங்கே வேலி போட்டு நிற்கிறது. நாட்டிலேயே மிகப் பழையது என்கிறார்கள். தோல் தடித்து, முடிச்சு முடிச்சாக இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பாட்டியின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

மரத்துக்கு மூன்று வருடம் மூத்தது பங்கோர் ஒப்பந்தம், 1874 ஜனவரி 20. பேராக் சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை (ஆலோசகரை) வைத்துக்கொள்ள வேண்டும், மலாய் சமயமும் வழக்கமும் தவிர எல்லாவற்றிலும் அவரது ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும், நடந்தே ஆக வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ஆலோசனையா? முதல் ரெசிடெண்ட் பர்ச்சை 1875 நவம்பரில் இதே பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாசிர் சாலாக்கில் குத்திக் கொன்றார்கள். சுல்தான் அப்துல்லாவை செஷல்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள்.

வேண்டும்போது மட்டும் அதே சுல்தான்கள் சுதந்திர மன்னர்கள் ஆனார்கள். 1894-ல் லண்டனில் ஒரு பெண், கல்யாணம் செய்வதாக ஏமாற்றினார் என்று ஜொகூர் சுல்தான் மேல் வழக்குப் போட்டார். ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகியிருந்தாராம். இவர் சுதந்திர நாட்டின் மன்னர் என்று காலனி அலுவலகம் எழுதிக் கொடுத்ததும் வழக்கு தள்ளுபடியானது. அந்தப் பெண்ணும் நம் பாட்டியும் ஒரே சட்டத்தில் கால் இடறியவர்கள். சுல்தானின் நாடு என்பதால் அவருக்கு வழக்கு இல்லை, இவருக்குப் பிறந்த மண் இல்லை.

18 செப்டம்பர், திங்கள்

விநாயகர் சதுர்த்தி. அண்ணி விடியற்காலையிலேயே கொழுக்கட்டை பிடித்து, வழிக்குப் புங்குஸ் (பொட்டலம்) பண்ணிக் கொடுத்தார். பசாரில் 15 வெள்ளிக்குப் புதுச் செருப்பு வாங்கினேன்.

கிளம்புமுன் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். என்ன வேண்டும் பாட்டி, ஊரிலிருந்து அனுப்புகிறேன் என்றேன். மாம்பழமோ, அம்மையார் கோயில் விபூதியோ கேட்பார் என்று நினைத்தேன்.

“எங்கப்பா பேரு அங்க எங்கயாவது எழுதியிருக்குமா தாயி?”

இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பும் கல்யாணமும் இறப்பும் பதிந்துவைத்தார்கள். அந்தப் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம் என்றேன். பாட்டி அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொன்னார். தெரு, கோயிலுக்குத் தெற்கே ரெண்டாவது. பிறந்த வருடம் தெரியவில்லை, புயல் அடித்த வருடம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாராம். எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாத்தா பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று திருத்தினார்.

புதன்கிழமை ஊர் சேருவேன். வியாழன் காலையில் பதிவேடு தேடிப் போக வேண்டும்.